எஃப் பொறித்த போல்ட்டுகள்

பழைய ராணுவ வண்டி சேர்க்கிறவனுக்குப் பெண் கொடுக்காதீர்கள். குடிகாரனுக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை. அவன் காலையில் எழுந்தால் கொஞ்சமாவது வெட்கப்படுவான். இவன் எழுந்ததும் நேரே கொட்டகைக்குப் போவான். நாற்பது வருடம் டிராக்டரும் பால் கறக்கும் இயந்திரமும் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான், பெயர் ஜெர்வே. எங்கள் நார்மண்டியின் சதுப்புப் பக்கத்தில் வேலிக்கு வேலி இந்த ஆட்கள்தான். ஒருவன் லாரிக்காக ஆப்பிள் தோட்டத்தை விற்றான். இன்னொருவன் டாங்கிச் சங்கிலியின் ரப்பர் கட்டைகளுக்காகக் கடன் வாங்கினான். அந்த டாங்கியை ஏற்றிச்செல்லும் டிரெய்லருக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல், பன்னிரண்டு வருடமாக அதைக் கொட்டகையிலேயே நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

என் நண்பன் அன்செல்ம் ஃபோவெல் இவர்களில் நல்லவன். அவனுக்கு நேர்ந்ததற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்செல்மும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவனுடைய ஜீப் 1943இல் செய்தது. போர் முடிந்தபின் யாரோ ஒரு விவசாயி வீட்டில் கோழிக்கூண்டாகக் கிடந்தது. பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அதை இழுத்து வந்து சாலையில் ஓடவிட அவனுக்குப் பதினான்கு வருடம் ஆனது. எஞ்சினுக்கு ஆற்றோரப் புல்வெளி போயிற்று. கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஒன்பது கறவை மாடுகள் போயின. சமையலறைக் கூரை மூன்று குளிர்காலமாக ஒழுகியது. அவன் மனைவி ரெஜீன் அடுப்பைச் சுற்றி வாளி வைத்துச் சமைத்தாள். ஜீப்புக்கான துணிக்கூரை அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்து இறங்கிய அன்று அவள் பெட்டியைக் கட்டினாள். "அது நனையக் கூடாதுன்னு உனக்குத் தோணிச்சு. நான் நனையறது தோணல" என்று மட்டும் சொல்லிவிட்டு ரென் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

அவர்களுடைய ஒரே மகள் பெரின். நான் அவளுக்கு ஞானத்தகப்பன். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியில் நான் ஏந்திய ஒரே குழந்தை அவள். அவள் சிறுமியாகச் சர்ச்சில் முதல் நன்மை வாங்கிய அன்று, என் பட்டறையில் இருந்த எழுத்து உளிகளால் ஒரு பித்தளை வில்லையில் ஃபோவெல் என்று குடும்பப் பெயரை அடித்துக் கொடுத்தேன். முப்பத்து மூன்று வயதில் மூன்று ஊர்களுக்குத் தபால் கொடுக்கும் வேலை பார்த்தாள். வில்லை அப்போதும் அவள் சாவிக்கொத்தில்தான் தொங்கியது.

இனி ஃபோவெலின் முதலெழுத்தான எஃப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். போர்க்காலத்தில் ஜீப்பை இரண்டு கம்பெனிகள் செய்தன. அவற்றில் ஃபோர்டு, தன் வண்டியின் போல்ட்டுத் தலைகளில் தன் முதலெழுத்தான எஃப்பை அடித்து அனுப்பியது. அன்செல்முடையது ஃபோர்டு ஜீப். அந்த வண்டியில் எஃப் இல்லாத ஒரு போல்ட்டு இருந்தால் இந்த ஆட்களுக்குத் தொண்டையில் ரொட்டி இறங்காது. கடையில் நாற்பது சென்ட் விலையுள்ள போல்ட்டு, தலையில் எஃப் இருந்தால் பன்னிரண்டு யூரோ. அதிலும் யாரும் பார்க்காத இடத்தில் மாட்டினால்தான் பெருமை அதிகம். "வெளியில தெரியற எடத்துல எவன் வேணா மாட்டுவான்டா. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும், அதான் விஷயம்" என்பான் அன்செல்ம்.

என் பட்டறைக்கு வந்து, நான் போட்ட நல்ல எஃகு போல்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். மருந்துக்கடைக்காரரும் கணக்கு வாத்தியாரும் எனக்குப் போல்ட்டைப் பற்றிப் பாடம் எடுப்பார்கள். நான் ஓய்வுபெற்ற வருடம் ஒருநாள் எரிச்சலில் ஒரு போல்ட்டைக் கடைந்து எஃப் அடித்தேன். ஓய்வூதியம் போதவில்லை என்று சொன்னால் அது பொய். எரிச்சல்தான். இந்த அறிவாளிகளின் மூக்கை உடைக்கவேண்டும் என்று ஆசை. பழைய ராணுவ உதிரிபாகச் சந்தையில் ஒரு பெல்ஜிய வியாபாரி ஒரு வார்த்தை கேட்காமல் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்றான். எரிச்சல் தொழிலாயிற்று.

அமெரிக்க அளவு மரை போட்ட போல்ட்டு எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. அதனால் அறுகோணக் கம்பி வாங்கி லேத்தில் நானே கடைவேன். கெட்டி எஃகு உளியையும் தின்னும், பொழுதையும் தின்னும். மெத்தென்ற இரும்பு வெண்ணெயாக வழியும். காட்சிக்கு வைக்கிற பொருளுக்கு எதற்குக் கெட்டி எஃகு? மட்கார்டிலோ இருக்கைக் காலிலோ மாட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்கவே இல்லை. எஃப் அடித்து, ஆப்பிள் காடியில் ஒரு வாரம் ஊறப்போட்டு, கன்றுக்குட்டிச் சாணத்தில் இரண்டு வாரம் புதைத்து, பழைய எஞ்சின் ஆயிலில் முக்கி எடுத்தால் எண்பது வயது ஏறிவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன்: ஊர்க்காரனுக்கு விற்பதில்லை. அதை நேர்மை என்றுகூட நினைத்திருந்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு எங்கள் ஊர்வலம். அமெரிக்கர்கள் கரையிறங்கிய நாளின் நினைவாக ஐம்பது அறுபது பழைய வண்டிகள் ஊர் ஊராகச் சுற்றி வரும். ஒவ்வொரு ஜீப்பிலும் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை போர்வீரருக்கு உரியது. முன்பெல்லாம் உயிரோடு இருந்த கிழவர்களே உட்கார்ந்து கையசைத்தார்கள். அன்செல்மின் ஜீப்பில் அமெரிக்காவின் ஒஹாயோக்காரர் ஒருவர் ஆறு வருடம் உட்கார்ந்தார். அவர் இறந்தபிறகு அவர் படத்தைச் சட்டம் போட்டு இருக்கையில் வாரால் கட்டிவைக்கிறான். வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் அன்செல்முக்கு இடுப்பெலும்பு மாற்றியிருந்தது. கிளட்சை மிதிக்க முடியாது. பெரின் ஓட்டுவதாக ஏற்பாடு. ஊர்வலத்துக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போனேன். பெரின் தபால் உடுப்போடு வாசலில் நின்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க பெரியப்பா. உங்க சிநேகிதரை எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. காலைலேருந்து அந்த ஜீப்பைத் தடவிட்டே இருக்கார். இதுல பாதி தடவல் அம்மாவுக்குக் கெடைச்சிருந்தா இன்னைக்கு வீட்ல சூடா சூப்பு இருந்திருக்கும்."

"நீயா ஓட்டப் போற?"

"வேற யாரு? எனக்கு அந்தத் தகர டப்பாவைக் கண்டாலே ஆகாது. ஆனா அவர் முகத்தைப் பாத்தீங்களா? வருஷத்துல அந்த ஒரு நாள்தான் சிரிக்கறார். அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?" சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே தபால் வண்டியில் ஏறிப் போனாள்.

கொட்டகையில் அன்செல்ம் தடியை ஊன்றி நின்றான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த டார்ச்சை நீட்டினான்.

"வாடா. கீழ படுத்து ஸ்டீயரிங் பெட்டியைப் பாரு. உன் தொப்பை எடம் குடுத்தா."

படுத்துப் பார்த்தேன். ஸ்டீயரிங் பெட்டியை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருப்பவை மூன்று போல்ட்டுகள். அவை விட்டால் சக்கரம் ஒரு பக்கம் போகும், ஓட்டுகிறவள் ஒரு பக்கம் போவாள். நான் அங்கே நல்ல எஃகு போல்ட்டுகள் போட்டிருந்தேன். அவற்றைக் காணோம். மூன்று தலைகளிலும் எஃப் இருந்தது.

"மார்ச்சுல பெல்ஜியம் சந்தைக்குப் போனேன்ல, அங்க புடிச்சேன்" என்றான் மேலேயிருந்து. "எண்பது வருஷமா ஏதோ ராணுவக் கிடங்குல கெடந்த சரக்காம். நீ போட்டிருந்த கடை போல்ட்டையெல்லாம் கழட்டிக் கடாசிட்டேன். கோவிச்சுக்காத."

நான் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். என்னுடைய எஃப் உளி அப்பா காலத்தது. அதன் நடுக்கொம்பு முனையில் உடைந்திருக்கும். அடித்தால் எழுத்து மூளியாக விழும். மூன்று தலைகளிலும் மூளி எஃப். சாணத்திலிருந்து என் கையால் தோண்டி எடுத்தவை அவை.

"டேய், இதைக் கழட்டிடு" என்றேன். "பழைய இரும்புடா, களைச்சுப் போயிருக்கும். ஸ்டீயரிங்ல வெளையாடாத. நான் போட்டதையே மறுபடி போட்டுத் தர்றேன்."

"பொறாமைடா உனக்கு."

"என்னடா பொறாமை? ஓட்டப் போறது பெரின்டா!"

"இதே போல்ட்டை நம்பித்தான் அமெரிக்காக்காரன் குண்டு மழைக்கு நடுவுல ஓட்டிட்டு வந்தான். நம்ம சர்ச் ரோட்டுல முப்பது கிலோமீட்டர் வேகத்துல போறதுக்கு உனக்கு நடுங்குதா? கெழவனாயிட்ட நீ. நில்லு, எந்திரிச்சுப் போயிடாத, இன்னும் இருக்கு. இன்னொரு எடம் காட்டறேன்..."

"நீ காட்டினதே போதும்" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு வாக்கியம் போதும். அதைச் செய்தது நான்தான்டா என்று சொல்லியிருந்தால் அவன் அந்த நிமிடமே கழற்றி எறிந்திருப்பான். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால், ஐந்து வருடமாக அவனைப் போன்றவர்களைப் பார்த்து நான் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். அவன் மாடு விற்ற காசில் கொஞ்சம் என் சட்டைப்பைக்கு வந்திருப்பது தெரிந்துவிடும். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம், வேறு எதுவும் சொல்லி மெழுகப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க லேத்தில் நின்றேன். இந்த முறை நல்ல எஃகு. கடைசல் உளி இரண்டு தடவை உடைந்தது. என் வாழ்நாளில் நான் செய்த ஆகச் சிறந்த போல்ட்டுகள் அந்த மூன்றும்தான். அவற்றின் தலையிலும் அதே மூளி எஃப்பை அடித்தேன். ஊறப்போட நேரமில்லை. காடியைத் தடவி அடுப்போரம் காயவைத்து, ஆயிலில் முக்கி எடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அன்செல்ம் ஊர்வல எண் வாங்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போவான் என்று தெரியும். "நீ போயிட்டு வா, நான் முன்னாடி கொஞ்சம் கிரீஸ் வைக்கறேன்" என்றேன். அவன் போனதும் படுத்து மூன்றையும் மாற்றினேன். நாற்பது நிமிடம் ஆனது. கழற்றிய பழைய போல்ட்டு ஒன்றின் மரை ஏற்கெனவே இழுபட்டு நீண்டிருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பிழைத்தேன் என்று நினைத்தேன். பெரின் பிழைத்தாள் என்று முதலில் நினைத்திருக்கவேண்டும். நான் என்னைத்தான் நினைத்தேன்.

அன்செல்ம் திரும்பி வந்து சந்தேகமாகப் பார்த்தான்.

"எதையும் மாத்தலயே?"

"உன் எஃப் எல்லாம் உன்கிட்டயேதான் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ."

வலியோடு குனிந்து டார்ச்சு அடித்துப் பார்த்தான். மூன்றும் இருந்தன. முகம் மலர்ந்து, நிலவறையிலிருந்து போன வருடத்து ஆப்பிள் மது ஒரு பாட்டில் கொண்டுவந்து ஊற்றினான். இருவரும் ஜீப்பின் பம்பரில் சாய்ந்து குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. எங்கள் ஊரில் ஜூனில் அது பெரிய விஷயம். காற்றாலை மேட்டிலிருந்து சாலை சரிவாக இறங்கி, ஒரு வளைவு திரும்பி, சர்ச் மைதானத்துக்கு வரும். அன்செல்ம் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நான் வளைவில் நின்றேன். பெரினின் வண்டி பதினேழாவது. ராணுவத் தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒஹாயோக்காரரின் படத்தோடு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

அவளுக்கு முன்னால் போன லாரி வளைவில் வேகம் குறைத்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். இடது முன்சக்கரம் ஒருக்களித்து, வண்டியை விட்டுக் கழன்று, தன்பாட்டுக்குச் சாலையைக் கடந்து வேலிக்குள் போயிற்று. ஜீப் மூக்கைக் குத்தி, சுழன்று, பள்ளத்தில் அவள் மேல் கவிழ்ந்தது. எனக்கு நாற்பது அடி தூரத்தில். கீழே மைதானத்தில் பேண்டு வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே யாருக்கும் தெரியவில்லை.

ஓடினேன். ஓடும்போது மனதில் ஓடியது இதுதான்: நான்தான் மாற்றிவிட்டேனே, நான்தான் மாற்றிவிட்டேனே. ஆறு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். ஸ்டீயரிங் பெட்டி அசையாமல் இருந்தது. என் மூன்று போல்ட்டுகளும் அப்படியே இருந்தன. சக்கரம் இருந்த இடத்தில்தான் ஆறு ஓட்டைகளும் அவற்றுக்குள் அறுந்த துண்டுகளும் தெரிந்தன. முன்சக்கரம் சுழலும் அச்சுமுனையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அவை. பிரேக் டிரம்முக்கு உள்ளே, சக்கரத்தைக் கழற்றினாலொழிய யாரும் பார்க்கமுடியாத இடத்தில் இருப்பவை. தாரில் அறுந்த தலை ஒன்று கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

இன்னொரு எடம் காட்டறேன் என்று அவன் சொன்னது இதைத்தான். பெல்ஜியக்காரனிடம் அவன் வாங்கியது மூன்று அல்ல, ஒன்பது.

பெரினின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை. மற்றபடி உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோது, அன்செல்ம் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம் அவன் எதையும் மறைக்கவில்லை. "ஜெர்வே சொன்னான், கெஞ்சினான். பழைய இரும்புடா, கழட்டுடான்னான். நான்தான் கேக்கல. எம்பொண்ணு காலை நான்தான் வாங்கினேன்" என்றான். வண்டியைப் பரிசோதித்தவர் பழைய இரும்பின் சோர்வு என்று எழுதிக்கொடுத்தார். பழசு என்று உரிமையாளனே அழுதுகொண்டு சொன்னபிறகு அதை யார் அறுத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஊரில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் என்னை நிறுத்தி, "அன்னைக்கே நீங்க எச்சரிச்சீங்களாமே" என்றார். நான் தலையை ஆட்டினேன். மூன்று வாரம் அப்படித்தான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்செல்ம் அந்த அறுந்த தலைகளில் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். சில நாள் அதைப் பெரினின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வெறித்துப் பார்ப்பான். நான் அவன் தோளில் கைவைத்து, விடுடா, விதி என்று சொல்வேன். நானேதான் சொன்னேன், இந்த வாயால்.

மூன்றாவது வாரம் ஒரு பிற்பகல் நான் போனபோது அவன் அறையில் இல்லை.

"காபி வாங்கப் போயிருக்கார்" என்றாள் பெரின். "கதவைச் சாத்துங்க பெரியப்பா."

சாத்தினேன். போர்வைமேல், அவளுடைய கால் இருந்திருக்கவேண்டிய தட்டையான இடத்தில், சாவிக்கொத்தின் பித்தளை வில்லையும் அந்தப் போல்ட்டுத் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"இந்த வில்லை குடுத்தன்னைக்கு நான் உங்ககூட சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கா? மத்த எழுத்தெல்லாம் நல்லா இருக்கு, எஃப் மட்டும் மூளியா இருக்குன்னு அழுதேன். 'உளி பழசும்மா, எங்கப்பாவோடது, உலகத்துலயே இதுமாதிரி வேற இருக்காது'ன்னு சமாதானம் பண்ணீங்க."

போல்ட்டுத் தலையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இதைப் பாருங்க. இதுவும் மூளி."

"பெரின்..."

"என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. எனக்கு இப்ப கேக்கத் தெம்பு இல்ல. நான் கண்ண மூடியிருந்தா தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு அப்பா போர்வையைத் தடவித் தடவி மன்னிப்பு கேக்கறார். நீங்க பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்றீங்க. மூணு வாரமா ரெண்டு பேரையும் கேட்டுட்டிருக்கேன். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வெளியே தடி தட்டும் சத்தம் கேட்டது. அன்செல்ம் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு கையில் தடி. அதனால் இன்னொரு கையில் ஒரே ஒரு காபிதான் கொண்டுவர முடிந்திருந்தது. அதை என்னிடம் நீட்டினான்.

"புடிடா. நீ வர்றதை ஜன்னல் வழியா பாத்தேன்."

காபியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: எரிச்சல், மெத்தென்ற இரும்பு, காடி, சாணம், பெல்ஜியக்காரன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்கார மனம் வரவில்லை. முடிந்ததும் அவன் போர்வைமேல் இருந்த தலையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்கு வெகு கிட்டே வைத்துப் பார்த்தான். அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

"சனிக்கிழமை கிரீஸ் வைக்கறேன்னு வந்தியே" என்றான்.

"மூணை மாத்தினேன். அது மட்டும்தான்னு நெனச்சேன்டா."

"என்னைக் கேட்டிருக்கலாமே. ஒம்போதுன்னு சொல்லியிருப்பேன்."

"கேட்டா உனக்குத் தெரிஞ்சிடும்னு..."

அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். பெரின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவன் முகம் மாறியது. எனக்குப் புரிவதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மொத்தம் எத்தனை செஞ்ச?"

நான் எண்ணியதே இல்லை. ஐந்து வருடம் வாளி வாளியாகக் காடியில் போட்டேன், வாளி வாளியாக எடுத்துக் கொடுத்தேன்.

"எத்தனைன்னு கேட்டேன், ஜெர்வே."

"தெரியலடா."

"வெளிய போ" என்றான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அங்கிருந்து நேரே போலீஸுக்குப் போய்ச் சொன்னேன். வழக்கு நடக்கிறது, வக்கீல் அடுத்த வருடம் என்கிறார். பெல்ஜியக்காரன் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டான். நான் லேத்தை விற்று, அந்தக் காசில் வண்டி சேர்ப்பவர்களின் பத்திரிகைகளில் மூளி எஃப்பின் படத்தைப் போட்டு விளம்பரம் கொடுத்தேன்: இந்த எழுத்து உள்ள போல்ட்டைக் கழற்றுங்கள், இது போலி, ஆளைக் கொல்லும். சந்தை சந்தையாகப் போய்த் துண்டுச்சீட்டு கொடுத்தேன். இதுவரை அறுபத்து மூன்று போல்ட்டுகள் திரும்பி வந்திருக்கின்றன. அதைவிட அதிகமாக வசவுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அசல் எஃப்பை மிரட்டிக் கழற்ற வைத்து, மலிவாக வாங்கப் பார்க்கிற ஏமாற்றுக்காரன் நான் என்று எழுதுகிறார்கள். போன மாதம் ஒரு சந்தையில் ஒரு கடையில் மூளி எஃப் போல்ட்டு இரண்டைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முப்பது யூரோ. ஏன் இவ்வளவு என்று கேட்டேன். தொழிற்சாலையில் உளி உடைந்திருந்த சில நாட்களில் மட்டும் செய்த அபூர்வ வகை என்றான் கடைக்காரன். இரண்டையும் வாங்கி வந்தேன்.

இந்த வருடமும் ஜூன் முதல் ஞாயிறு ஊர்வலம் நடந்தது. வேண்டாம் என்று சொன்னவர்கள் இரண்டு பேர்தான்; ஒருவன் நான், என் பேச்சை யாரும் கேட்பதில்லை. முந்தின நாள் வண்டிகளை நிறுத்தியிருந்த புல்வெளியில் ஸ்பானரோடு ஒவ்வொருவரிடமும் போய், முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். நான்கு பேர் விட்டார்கள். மற்றவர்கள் விரட்டினார்கள்.

ஞாயிறன்று அதே வளைவில் நின்றேன். மேட்டிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிள்ளைகள் கொடி ஆட்டினார்கள், ஓட்டியவர்கள் கையசைத்தார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை; இடது முன்சக்கரத்தை மட்டும் பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்புறம், வேண்டாம் என்று சொன்ன இன்னொருவன், அன்செல்ம், தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கண்ணும் தரையோரமாகச் சக்கரங்களின் மேல்தான் இருந்தது. கடந்துபோன ஒவ்வொரு வண்டிக்கும் அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தான்.